முழங்காலுக்குக் கீழே ஒரு ரப்பர் வார்

ஒருரோ என்கிற எங்கள் மலை நகரத்துச் சந்தையில் யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் என்னைப் பற்றி நாலு வரி எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பதினோரு வயதில் ஒரே ஒரு போர்வையோடு இந்த ஊரில் வந்து இறங்கினேன். இன்று எனக்கு மூன்று மாவுக்கடை, ஒரு மாடி வீடு. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. நான் எளிதில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எவாரிஸ்தாவை மெச்சுகிறேன்.

என் கடைக்கு எதிர்க்கடை அவளுடையது. இருபத்தாறு வருடமாக ஊதாச் சோளக் கஞ்சி காய்ச்சி, உள்ளே பாலாடைக்கட்டி வைத்த அப்பம் பொரித்து விற்கிறாள். ஐம்பத்து நாலு வயது. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "செத்த நேரம் குந்தேன்டி" என்றால், "குந்தி வித்தா கஞ்சி பழசுன்னு நெனைப்பாங்கக்கா" என்பாள்.

அவள் மகள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தாள். அதற்காக எவாரிஸ்தா சுரங்கத்து மாதாவுக்கு மூன்று வருடம் கார்னிவல் திருவிழா ஊர்வலத்தில் கோயில் வரை ஆடிப் போவதாக நேர்ந்துகொண்டாள். இரண்டு வருடம் ஆடிவிட்டாள். மூன்றாவது வருடம்தான் மிச்சம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நேர்ச்சை நிறைவேறியதாக எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவளும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

அக்டோபரில் ஒருநாள் காலை, கூட்டம் மொய்க்கிற நேரம். பாலாடைக்கட்டிப் பெட்டியை இழுத்தவள், அதன் மூலை கணுக்காலில் இடித்ததும் "ஐயோ" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நொடி அவள் செருப்பு முழுக்க ரத்தம். குழாய் உடைந்த மாதிரி பீய்ச்சி அடித்தது. சின்னக் காயத்திலிருந்து அத்தனை ரத்தம் வந்து நான் பார்த்ததில்லை.

எல்லாரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. என் இடுப்புக் கச்சையை உருவி, எங்கள் வழக்கப்படி அவள் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தியிருந்த ஐந்து பாவாடையையும் ஒன்றாய்ச் சுருட்டித் தூக்கி, முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். அவளை அடுப்பு மேடையில் சாய்த்து நிற்கவைத்தேன். ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. நான் இன்னும் இறுக்கினேன்.

"அவுத்து விடுங்க! யாரு இத கட்டினது?"

கஞ்சி குடிக்க வந்திருந்த செவிலி நீல்டா. சுகாதார நிலையத்துப் பெண், முப்பது வயது கூட இருக்காது. இந்தச் சந்தையில் என்னைப் பார்த்துக் குரல் உயர்த்தியவர்கள் கிடையாது.

"நான்தான் கட்டினேன். என்ன இப்ப?"

"அம்மா, சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். கட்ட அவுத்து விடுங்க. அவங்கள கீழ படுக்க வைங்க. கால மேல தூக்குங்க, இன்னும் மேல!"

என் மாவு மூட்டை மேல் எவாரிஸ்தாவின் காலை ஏற்றினோம். நீல்டா துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. அறுபது வருடச் சந்தை அனுபவத்தோடு நான் கட்டிய கட்டுக்கு நிற்காத ரத்தம், ஒரு சின்னப் பெண்ணின் உள்ளங்கைக்கு நின்றது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

காலுறையை உருட்டி இறக்கியபோதுதான் அந்தக் காலை முதல்முறையாகப் பார்த்தோம். ஐந்து பாவாடைக்குள் இருப்பதை யார் பார்ப்பார்கள்? கெண்டைக்கால் நெடுக நீலப் புழுக்கள் சுருண்டு கிடந்த மாதிரி புடைப்பு. கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்து, பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே, காலுறை நழுவாமல் இருக்க நாங்கள் எல்லாரும் போடுகிற ரப்பர் வார். அவள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருந்தாள். சதைக்குள் பள்ளம் விழுந்திருந்தது.

"எதுக்கு ரெண்டு?" என்றாள் நீல்டா.

"கெட்ட ரத்தம் கால்ல எறங்கி நிக்குதும்மா. அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிறக் கூடாதுன்னுதான் இறுக்கினேன்."

நீல்டா சிரிக்கவில்லை. "கெட்ட ரத்தமெல்லாம் இல்லக்கா. கீழ வந்த ரத்தம் மேல போயே ஆகணும். நடக்கும்போது கெண்டச் சதை பிழிஞ்சு மேல தள்ளும். ரத்தக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு, ஏறின ரத்தம் திரும்ப எறங்காம சாத்திக்கும். நின்னுக்கிட்டே இருந்தீங்கன்னா சதை பிழியாது. உங்களுக்குக் கதவும் தளந்து போச்சு. அது போதாதுன்னு மேல போற வழியையும் நீங்களே கட்டி மறிச்சிருக்கீங்க."

"எங்க ஊரு உசரத்துல ரத்தம் கெட்டியாயிரும், அதான்" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"அதையும் சோதிச்சுப் பாத்துருவோம்மா" என்றாள். பார்த்தார்கள். கெட்டி இல்லை.

மருத்துவமனையில் மருத்துவர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார், ஒரு கருவியிலும் கேட்டார். கீழே வருகிற ரத்தத்துக்குக் குறையில்லை, அதனால் இறுக்கிக் கட்டலாம் என்றார். கட்டுத்துணியை விரலடியில் தொடங்கி முழங்கால் வரை, கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றச் சொன்னார். அப்படிச் சுற்றினால் வார் மாதிரி வழியை மறிக்காமல், கட்டே ரத்தத்தை மேலே தள்ளுமாம். காயம் ஆறிய பிறகு, அடுத்த குளிர்காலத்தில் குழாய்க்கு வைத்தியம் செய்துகொள்ளலாம் என்றார்.

எவாரிஸ்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "டாக்டர், ஆடலாமா?"

நான் பயந்தேன். படு, அசையாதே என்று சொல்லிவிட்டால் அவள் பிழைத்தும் பிழைக்காதவள்தான்.

"எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர்."

"காயம் மூடிட்டா ஆடுங்க. கட்டோட ஆடணும். நிக்கிறதுதாம்மா உங்களுக்கு ஆகாது, நடக்கிறது நல்லது. தெனமும் நடந்து பழகுங்க."

மறுநாளே கடைக்கு ஒரு முக்காலி வந்தது. அவள் கஞ்சியை உட்கார்ந்தே கிண்டினாள். யாரும் பழசு என்று நினைக்கவில்லை. கூட்டம் குறையவும் இல்லை. மதியம் கடையை மகளிடம் விட்டுவிட்டுச் சந்தையை ஆறு சுற்று சுற்றுவாள். நானும் கூடப் போனேன். இரண்டாவது சுற்றிலேயே எனக்கு மூச்சு வாங்கும். "வாங்க முதலாளியம்மா, மாவு மூட்ட மாதிரி உருண்டு வராதீங்க" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

காயம் மூட மூன்று மாதம் ஆனது. அதற்குள் இன்னொரு வம்பு. ஆட்டக் குழுத் தலைவர் ருஃபினோ, மரியாதைக்கு டான் ருஃபினோ, ஒத்திகையில் அவளை நிறுத்தினார்.

"பாவாடை சுழலும்போது பழுப்புக் கட்டு தெரியுது. எல்லாருக்கும் ரோஜா நிறக் காலுறை, முழங்கால்ல வார். இதான் குழு முறை. முடியாதுன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அடுத்த வருஷம் மாதாகிட்ட நீங்க போயி சொல்வீங்களா?" என்றாள் எவாரிஸ்தா.

அவர் வாய் திறப்பதற்குள் நான் இடையில் போனேன். என் அந்தஸ்துக்கு ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கக்கா. இது என் காலு."

வீட்டுக்குப் போனவள் ரோஜா நிறக் காலுறையை எடுத்து, மேல் விளிம்பில் நாடா தைத்து, நாடாவை இடுப்புப் பட்டையில் கோத்தாள். கட்டு உள்ளே, காலுறை வெளியே, வார் எங்கேயும் இல்லை. அடுத்த ஒத்திகையில் முப்பது சுற்று சுழன்றாள். காலுறை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. டான் ருஃபினோ குனிந்து பார்த்தார். "பொம்பள காலையே பாத்துக்கிட்டு நிக்கிறீரே, வெக்கமா இல்ல?" என்று யாரோ கத்த, மனிதர் ஓடியே போனார். அந்த வாரமே அவள் வரிசையில் ஒன்பது பெண்கள் நாடா தைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியின் முழங்காலுக்குக் கீழேயும் அதே பள்ளம் இருந்தது. என் காலிலும் இருந்தது. நானும் தைத்துக்கொண்டேன்.

கார்னிவல் சனிக்கிழமை. எழுபத்திரண்டு வயதில் நாலு கிலோமீட்டரும் தெருவோரமாகவே அவளோடு நடந்தேன். எத்தனை பேருக்கு முடியும்? பித்தளைக் கொம்புகள் ஊத, கனமான பாவாடை இடமும் வலமும் வீச, ஒரு இடத்திலும் நிற்காமல் ஆடி வந்தாள். கோயில் வாசலில் தலையிலிருந்த ஆட்டத் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் போல மண்டியிட்டபடியே பீடம் வரை போனாள். அழுதுகொண்டே போனாள். மூன்றாவது வருடமும் முடிந்தது.

வெளியே வந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு, "அக்கா, கால மேல வைக்க எடம் பாருங்க."

கோயில் முற்றத்தில் இடம் ஏது? வாத்தியக்காரன் ஒருவன் பெரிய முரசைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எவாரிஸ்தா அங்கேயே கல்தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் முரசின் மேல் தூக்கி வைத்தாள்.

"அம்மா, அடுத்த குழுவுக்கு நான் அடிக்கணும்!"

"பத்து நிமிஷம் பொறு தம்பி. ரத்தம் மேல ஏறிக்கிட்டு இருக்கு."

அவன் அடிகோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அவள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.