பேன் மில்ரனின் மீன்கள்

பள்ளிமுனையில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை. என் அப்பாவின் பட்டம் பேன் மில்ரன். அவருடைய தலையில் பேன் இருந்ததில்லை. தலையில் மயிரே இல்லை. பேன் இருந்தது அவர் வளர்த்த மீன்களில்.

அவருடைய செத்தவீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் சந்தியில் இறங்கி, "பேன் மில்ரன்ட வீடு எது?" என்று கேட்டே வந்தார்கள். கேட்டவர்களுக்கு வெட்கம் இல்லை. வழி காட்டியவர்களுக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது.

அப்பா மீசை முளைக்கும் முன்பே கடல் தொழிலுக்குப் போனவர். கடைசியில் இழுவைப் படகுகள் அவருடைய வலையை அறுத்தன. கடன்பட்டுப் புது வலை போட்டார். அதையும் அறுத்தன. மூன்றாவது வலை போடவில்லை. தன் ஃபைபர் படகை ஆட்களைப் பிடித்து வளவுக்குள் இழுப்பித்தார். கிடங்கு வெட்டி, விளிம்பு மட்டும் வெளியே தெரிய அதை இறக்கி, கிணற்றுத் தண்ணீரை உள்ளே ஊற்றத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டுச் சிங்கராசா மாமா வேலியில் சாய்ந்து நின்றார். அப்பாவோடு ஒரே படகில் கடலுக்குப் போனவர்.

"மச்சான், வள்ளத்துக்குள்ள தண்ணி வந்தா இறைக்கத்தான் எனக்குத் தெரியும். நீ ஊத்துறாய்."

"இது தாழாது. ஏற்கெனவே தாட்டாச்சு."

நறுவிலிக்குளம் பக்கத்துக் குளமொன்றிலிருந்து யப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாக் குஞ்சுகள் வந்தன. கடற்கரையில் அது பெரிய மானக்கேடு. எங்கள் ஆட்களுக்குக் குளத்து மீன் மீனே இல்லை.

"கடல்காரன் வீட்டில குளத்து மீனோ? சேறு நாறுமடா," என்றார் மாமா.

"நாறட்டும். இந்தக் கடலுக்கு நேவிக்காரனிட்டப் பாஸ் கேக்கத் தேவையில்லை. வலை அறுக்க ஆரும் வரட்டும், பாப்பம்."

மீன்கள் கைநீளத்துக்கு வளர்ந்தபோது வியாதி வந்தது. படகின் பக்கத்தில் உடம்பைத் தேய்த்தன. காரணமில்லாமல் துள்ளின. செதிலுக்கிடையில் சிவப்புப் புள்ளிகள். சில செத்து மிதந்தன.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அப்பா மீனில் ஒட்டியிருந்ததை ஒரு ஜாம் போத்தலில் போட்டு அங்கே கொண்டுவந்து, இரத்தமும் சலமும் சோதிக்க வந்தவர்களுக்கிடையில் வரிசையில் இருந்தார். முறை வந்ததும் போத்தலை நீட்டினார்.

"பிள்ளை, இது என்னெண்டு பார்."

"அப்பா, இது ஆக்களுக்குச் செய்யிற இடம்."

"அப்ப மீனுக்கு எங்க செய்யினம்?"

போத்தலை வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருந்ததை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பருப்பின் அளவு, கண்ணாடி போன்ற தட்டை உடம்பு, இரண்டு கறுத்தக் கண், ஒட்டிக்கொள்ள இரண்டு வட்ட உறிஞ்சிகள், நடுவில் குத்தும் ஊசி. மீன்பேன். இரத்தம் குடிக்கும். மனிதரில் தொற்றாது. இதை வாசலில் வைத்து அப்பாவுக்குச் சொன்னேன். வாசலில் நின்றவர்களின் காதில் பாதி விழுந்தது. அவர் சைக்கிளில் ஊர் திரும்ப முன் பட்டம் போய்ச் சேர்ந்திருந்தது.

அதன்பிறகு அவருடைய மீனைச் சும்மா கொடுத்தாலும் ஒருவரும் வாங்கவில்லை.

"வயலுக்கு அடிக்கிற மருந்தில ரெண்டு மூடி ஊத்து, மச்சான். பேன் செத்துப்போம்," என்றார் மாமா.

"மீனும் சாகும். மிஞ்சிறதை நீ தின்னுவியோ?"

"பேனில்லாத காலத்திலயே தின்னேல்லை."

அப்பா கடலைத்தான் நம்பினார். கடல் தண்ணீரில் கழுவினால் போகாத அழுக்கு இல்லை என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பிளாஸ்ரிக் கானில் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். மீன் தாங்கியது. பேனும் தாங்கியது.

"கடலும் வலையறுத்தவங்களோட சேந்திட்டுது," என்றார். அன்றைக்குத்தான் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். வாசித்துப் பார்த்துச் சொன்னேன்.

பேன் முட்டையிட மீனை விட்டு இறங்கும். வழுவழுப்பில்லாத கெட்டியான எதிலாவது ஒட்டி வைக்கும். ஆகவே தண்ணீருக்குள் பனை மரத்தை மெல்லியதாக அறுத்த சிலாகைகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். முட்டை பொரிக்க முன் எடுத்து வெயிலில் காயப்போட்டு, வேறு சிலாகைகளைக் கட்ட வேண்டும். வளர்ந்த பேன்களைக் கையால் எடுக்க வேண்டும். மருந்தில்லை. விடாமல் செய்வதுதான் மருந்து.

விடாமல் செய்வதில் அப்பாவை வெல்ல ஆள் இல்லை. ஈரச்சாக்கில் மீனைக் கிடத்தி, மூக்குக்கண்ணாடியோடு சாமணத்தால் பிடுங்குவார். "இறங்கடா நாயே," என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு.

"பேன் பாக்கிறதெண்டாப் பொம்பிளையளைக் கூப்பிடன்," என்று வேலியிலிருந்து குரல் வரும்.

"உன்ர மனிசி முதல்ல உன்ர தலையைப் பாத்து முடிக்கட்டும். பிறகு கூப்பிடுறன்."

ஒருநாள் எழுந்து நின்று வேலிக்கு அப்பால் கேட்கச் சொன்னார்: "ஒரு பேன் இல்லாமப் பண்ணி, இந்தப் பள்ளிமுனையின்ர வாயில இந்த மீனைத் தீத்துறன், பார்!"

பேன் குறைந்துகொண்டு வந்தது. முடிய முன் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்தது. நான் உள்ளே வேலையில் இருந்தேன்.

அடக்கம் செய்த அடுத்தநாள் சிலாகை மாற்றும் நாள். மாற்றினேன்.

"அப்பனைத் தாட்ட ஈரம் காயேல்லை, மீனோட நிக்கிறாள்," என்றது ஒரு குரல். திரும்பிப் பார்க்கவில்லை. முட்டைகள் செத்தவீடு பார்த்துப் பொரிப்பதில்லை.

அம்மா அந்தப் படகுக் குளத்தை மூடச் சொன்னா. மாக்கிறட் என்ற தன் பேர் போய், பேன்காரன்ட மனிசி ஆனது அவவுக்குப் பெரிய காயம்.

"முப்பத்தோராம் நாளுக்குச் சனம் வரும். இதைப் பாத்து எங்கட முற்றத்திலயே நிண்டு சிரிக்கும். சிங்கராசா அண்ணை மண் கொண்டந்து பறிச்சு மூடுறனெண்டு சொல்லிப்போட்டார்."

"முப்பத்தொண்டுக்கு இந்த மீனைச் சமைப்பம், அம்மா. ஒருத்தரும் தொடேல்லையெண்டா மூடுவம். மண்ணை நானே வெட்டிப் போடுறன்."

"உனக்கென்ன விசரே?"

ஆனால் ஒத்துக்கொண்டா. ஒருவரும் தொடமாட்டார்கள் என்று அவவுக்கு நிச்சயம்.

எடுத்த சிலாகைகளில் முட்டை இல்லாமல் வரும்வரை மாற்றினேன். பிறகு மீன்களை ஒவ்வொன்றாக வெள்ளைப் பேசினுக்குள் விட்டு, செவுளும் செட்டையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா குளத்து மீனைப் பொரித்திருந்தா. ஆபத்துக்கு ஒரு சட்டி பாரைக் குழம்பும் வைத்திருந்தா. கைகள் எல்லாம் பாரைக்கே போயின.

நான் பொரியல் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன்.

"இது அப்பா வளத்த மீன். பேன் பிடிச்சிருந்த மீன்தான். இப்ப இல்லை. நான் பாத்தனான். விருப்பமில்லாதவை எடுக்க வேண்டாம்."

சிலர் பாரைச் சட்டியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

"இங்க கொண்டா, பிள்ளை," என்றார் சிங்கராசா மாமா. தலைப்பக்கமாகப் பார்த்து எடுத்தார். கன்னச்சதையைக் கிள்ளி வாயில் போட்டார். எல்லோரும் அவருடைய தாடையையே பார்த்தார்கள்.

"சேறு மணக்குது," என்றார்.

"அப்ப வைச்சிட்டு எழும்புங்கோ," என்றா அம்மா. அவவுடைய குரல் அப்படி ஏறி நான் கேட்டதில்லை.

"மணக்குதெண்டு சொன்னனான், தங்கச்சி. வேண்டாமெண்டு சொன்னனானோ?" முள்ளைத் துப்பிவிட்டு இன்னொன்று எடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. மிளகாய்த்தூள் அவ்வளவு போடவில்லை.

அதன்பிறகு சிலர் எடுத்தார்கள். பலர் எடுக்கவில்லை. பள்ளிமுனை முழுவதும் தின்றது என்று சொன்னால் பொய். தட்டில் மிஞ்சியதை நான் தின்றேன். சேறு மணக்கத்தான் செய்தது.

கை கழுவிக்கொண்டு மாமா முற்றத்தில் நின்று கேட்டார்: "அப்ப மண் எப்ப பறிக்கிறது?"

அம்மா எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"பறிக்கிறதெண்டா உங்கட வளவுக்குள்ள பறியுங்கோ, அண்ணை. எங்கட குளத்தில மீன் கிடக்கு."