மலையைப் பார்த்து நின்ற கார்

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மின்னியலை என்னிடம் கற்றவர்கள் இன்று பொறுப்பான இடங்களில் இருக்கிறார்கள். வேங்கிக்காலில் என்னைத் தேடி வருபவர்கள் 'பேராசிரியர் வீடு எது?' என்றுதான் விசாரிப்பார்கள். மகளின் திருமணத்தின்போது நான் கொடுத்த கார், நானே ஓட்டி, நானே பராமரித்து, புதிய பேட்டரி பொருத்திக் கொடுத்த கார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அந்தக் காரைப் பற்றி உறவினர்கள் நடுவே வேறொரு கதை உலவுகிறது.

கார் அடி அண்ணாமலையில் என் சம்பந்தியின் வீட்டு முற்றத்தில், மலையைப் பார்த்த முகமாக நின்றது. மருமகன் பெங்களூரில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை வருவான், வண்டியை எடுப்பான், வைப்பான். பௌர்ணமி சமயத்தில் வந்தால் அதுவும் இல்லை, கிரிவலக் கூட்டத்தில் வண்டி தெருவில் இறங்காது. சம்பந்தி நிலம் வைத்திருந்தவர், கிரிவலப் பாதையில் ஒரு கடையும் நடத்தினார். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் விடியற்காலையில் குளித்து, நீறு பூசி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்புவார். முன்விளக்கு இரண்டையும் மலையை நோக்கி ஏற்றுவார். காற்றாடி சுழலும், பக்திப் பாட்டு ஒலிக்கும். பாட்டு முடிந்ததும் கைகூப்பிவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்குவார். மலைக்கு விளக்குக் காட்டியதும் ஆயிற்று, வண்டியைப் பழக்கத்தில் வைத்ததும் ஆயிற்று என்பது அவர் கணக்கு.

முதல்முறை அதைப் பார்த்தபோதே எனக்குச் சுருக்கென்றது. பேட்டரி எதையும் தானாக உண்டாக்குவதில்லை, சேமித்துத் தருகிறது. எஞ்சினைக் கிளப்பும் அந்தச் சில நொடிகளில்தான் அது பெரிய அளவில் செலவழிகிறது. அதைத் திரும்ப நிரப்புவது, பேச்சு வழக்கில் டைனமோ என்று சொல்லப்படும் ஆல்டர்னேட்டர். எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும்போது அது தருவது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் விளக்கும் காற்றாடியும் பாட்டும் தின்றுவிடும். ஆக, ஒவ்வொரு விடியலிலும் எடுத்தது ஜாஸ்தி, வைத்தது கம்மி. அப்படிக் குறையாகவே கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகும், பின்னர் சார்ஜ் ஏற்றினாலும் முழுதாக ஏறாது. சும்மா நின்றாலும் பேட்டரி சிறிது கசியத்தான் செய்யும். ஆனால் அது சொட்டுச் சொட்டான கசிவு. இது குடத்தைக் கவிழ்ப்பது.

இதை அவரிடம் மரியாதையோடுதான் சொன்னேன். "ஒண்ணு, ரோட்டுல நல்லா தூரம் ஓட்டணும். இல்லன்னா நெகடிவ் வயரக் கழட்டிட்டு சும்மா வுட்டுடணும்."

சம்பந்திக்கு மனம் சுளித்தால் என்னை 'சம்பந்தி' என்று அழைப்பது போய் 'சார்' வந்துவிடும். "சார், மாட்டக் கட்டியே போட்டா காலு புடிச்சுக்கும். தெனமும் எழுப்பி நிறுத்தணும். இதுவும் அப்படித்தான்."

"மாடு புல்லு தின்னுதுங்க. இதுக்கு யாரு போடறது?"

"நீங்க காலேஜ்ல நடத்துன பாடத்த இந்த வண்டி படிக்கலயே சார்!" என்றார். வீடே சிரித்தது. பெண் கொடுத்த இடம். நானும் சிரித்து வைத்தேன்.

பேரனுக்குக் காது குத்தும் நாள் வந்தது. செங்கத்துக்கு அப்பால் இருந்த அவர்களுடைய குலதெய்வக் கோயிலுக்கு எல்லோரும் புறப்பட்டு நின்றோம். மருமகன் சாவியைத் திருப்பினான். டக் டக் என்ற ஓசை மட்டும் வந்தது. மறுபடியும் அதே ஓசை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகள் வண்டிக்குள் அமர்ந்திருந்தாள். சம்பந்தியின் அக்கா கூடியிருந்த உறவினர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "வாத்தியாரு பொண்ணயும் குடுத்து, செத்த வண்டியயும் தலையில கட்டிட்டாரா?"

சம்பந்தி வேனுக்கு ஆள் அனுப்பினார். மகள் தலைகுனிந்தாள். இன்றும் என் கண்முன் நிற்பது அந்தக் குனிந்த தலைதான்.

வேனில் ஏறிக் கோயிலுக்குச் சென்றோம், காது குத்தி முடிந்தது. திரும்பும்போது வேனை வேங்கிக்கால்வரை விடச் சொல்லி, வீட்டிலிருந்த ஹைட்ரோமீட்டரை எடுத்துவந்தேன். பேட்டரியின் அமில அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழாய் அது. உள்ளே ஒரு மிதவை இருக்கும். சார்ஜ் நிறைந்திருந்தால் மிதவை உயர்ந்து நிற்கும், குறைந்தால் அமிழும். சம்பந்தி வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைக் கையை மடித்து, பேட்டரியின் மூடிகளைத் திறந்து, ஒவ்வோர் அறையிலிருந்தும் அமிலத்தை உறிஞ்சிக் காட்டினேன்.

"பாத்துக்கோங்கம்மா," என்று அந்த அக்காவையே அருகில் அழைத்தேன். "பேட்டரி கெட்டுப் போயிருந்தா ஏதாவது ஒரு அறையில மட்டும் மிதவை தனியா விழும். இங்க ஆறும் ஒரே அளவுல எறங்கியிருக்கு. இது சாகல. பட்டினி கிடக்குது."

"வாத்தியாரு பிராந்திக் கடையில அளக்கறாப்பல அளக்கறாரு," என்றார் அந்த அம்மாள். சிரிப்பு எழுந்தது. இம்முறை நான் சிரிக்கவில்லை.

பேட்டரியைக் கழற்றினேன். நான் தூக்கப் போனபோது சம்பந்தி என் கையை விலக்கிவிட்டுத் தாமே தூக்கினார். செங்கம் சாலைக் கடையில் மெதுவாக சார்ஜ் ஏற்றும்படி கொடுத்தோம். மறுநாள் அதை எடுத்துவரவும் அவரே உடன் வந்தார். வீட்டில் அதே பேட்டரியை அவர் கண்ணெதிரே பொருத்திச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் கிளம்பியது. அடுத்த நாள் காலையில் மகள் தொலைபேசினாள்: "அப்பா, மாமா இன்னிக்கு சாவியத் திருப்பவே இல்ல. சும்மா சீட்டுல உக்காந்து மலையக் கும்புட்டு எறங்கிட்டாரு."

அதன்பின் கடைசிவரை அவர் விளக்கு ஏற்றவில்லை. வாரம் ஒருமுறை ஆள் வைத்து வண்டியைச் செங்கம்வரை ஓட்டச் செய்தார். பேட்டரி அதற்குரிய காலம் முழுதும் உழைத்தது. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். சொன்னதை ஏற்க மறுத்தவர், கண்டதை ஏற்றார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. "வாத்தியாரு சத்தமில்லாம புதுசு வாங்கி மாட்டிட்டாரு" என்று அக்கா உறவெல்லாம் சொல்லிவந்தபோது, உண்மை தெரிந்த ஒரே சாட்சியான அவர் வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் பார்த்தார். தமக்கை முன்னால் தம் வழக்கம் தவறென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அது அவருடைய கௌரவம்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். காரிய வீட்டில் அதே கதை மேலும் வளர்ந்திருந்தது. உதவாத வண்டியைச் சம்பந்தி தினமும் எழுப்பி எழுப்பி உயிரோடு வைத்திருந்தாராம், நான் திருட்டுத்தனமாகப் பேட்டரியை மாற்றி மானத்தைக் காத்துக்கொண்டேனாம். "அவரே போயிட்டாரு, இனிமே எதுக்குப்பா?" என்கிறாள் மகள். போனவருக்கு நான் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தேன், பாடையோடு நடந்தேன். என் பெயரையும் அவரோடு சேர்த்து எரிக்கச் சம்மதிக்கவில்லை.

நான் கொடுத்தது நல்ல பேட்டரி. அதை நான் மாற்றவில்லை.