மன்னியின் நெற்றியில் சிவப்பு

1. எங்கள் மயிலாப்பூர் வீட்டில், அண்ணா இறந்தபின் எங்களோடு இருந்த மன்னி, சமையலுக்கு மஞ்சள் இடித்தாள்.
2. வியர்வையைத் துடைத்ததில் நெற்றியில் மஞ்சள் அப்பியது.
3. சோப்புப் போட்டுக் கழுவினாள். அது சிவந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். “அறுத்தவளுக்குக் குங்குமம் கேக்கறதோ? இந்த அழகுக்குத்தான் டீச்சர் டிரெயினிங் படிக்கப் போறியா?”

“மஞ்சப்பொடிம்மா. தானா செவந்துடுத்து.” மன்னி என்னைப் பார்த்தாள்.

சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் பழையபடி மஞ்சளாகும் என்று கல்லூரியில் நானே செய்து பார்த்திருந்தேன். எலுமிச்சம்பழம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் மன்னி பயிற்சிக்குப் போனால் சமையல் என் தலையில் விழும், எனக்குப் பரீட்சை.

“குங்குமம் மாதிரிதாம்மா இருக்கு” என்றேன்.

எனக்கு ரசாயனத்தில் முதல் வகுப்பு கிடைத்தது. மன்னி இன்னும் அந்த அடுக்களையில்தான் இருக்கிறாள்.