கடைசி வாரம் இல்லாத கதைகள்

நான் மறுபடியும் கதை படிக்க ஆரம்பித்தது ஒரு கூலரின் காலடியில்.

கல்யாணமாகி தில்லிக்கு வந்து அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். மதுரையில் இருந்தவரை கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கடலை மடித்த காகிதம் உட்பட. தில்லிக்கு வந்தபின் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் இந்திப் பாடப்புத்தகமும்தான் என் கண்ணில் பட்ட எழுத்து. என் வீட்டுக்காரரோ, ஆபீஸ் ஃபைலைத் தவிர வேறு எதையாவது ஒருவர் படிப்பதைப் பார்த்தால், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற ரகம்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நேர் மேல்வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். பால்கனியில் டால்டா டின்னில் கறிவேப்பிலை வளர்த்தாள். தில்லியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவள் கொஞ்சம் மகாராணி மாதிரிதான்; நான்கு இணுக்கு கேட்டால் மூன்று கொடுப்பாள். "மிச்சத்துக்கு நாளைக்கு வா. நீ வந்து நின்னாத்தான் எனக்கும் பொழுது போவும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பை அப்போதே நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மே மாத மத்தியானம் கறிவேப்பிலைக்குப் போனபோது, அவள் கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, சும்மா நிக்காத. இந்தப் பக்கம் புடி, ஆடுது" என்றாள். பிடித்தேன். ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்து ஒரு புத்தகம் செருகியிருந்தது. தண்ணீர் குடித்து உப்பிப்போய், பழைய காலிகோ அட்டை போட்ட தடி பைண்டு. அட்டை கிழிந்த இடத்தில் இரண்டு வரி தெரிந்தது: ராணி உப்புச் சிலையாகிவிட்டாள், முதல் மழையில் அவள் விரல்கள் கரைந்தன.

கூலரைப் பிடித்தபடி, கழுத்தைச் சாய்த்து அந்த இரண்டு வரியையும் நான்கு தடவை படித்தேன். வாளித் தண்ணீர் என் காலில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

"என்னக்கா இது?"

"பழைய மாயாஜாலத் தொடர்கதை. எனக்குப் புடிக்காது, ஒரே அழுகுணி. வேணுமா? செங்கல் கொண்டாந்து வையி, எடுத்துட்டுப் போ."

செங்கல் தேடி அந்த வெயிலில் நான் எங்கெல்லாம் ஓடினேன் என்று கேட்காதீர்கள்.

அக்காவிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இப்படிப்பட்ட பைண்டுகள் இருந்தன. ஒன்பது. வாரப் பத்திரிகை நம் ஊரில் வந்து நான்கு நாள் கழித்துத்தான் தில்லிக்கு வரும். அவள் வீட்டுக்காரர் கோல் மார்க்கெட் கடையில் வாங்கி வருவார். அவள் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வெற்றிலை நரம்பு பிரிப்பதுபோலப் பிரித்தெடுத்து அடுக்கி, கதை முடிந்ததும் கரோல் பாக்கில் கொடுத்துத் தைத்துவிடுவாள். எல்லாம் மந்திரவாதி, பறக்கும் தேர், பாதாள நகரம். சமூகக் கதை ஒன்றுகூடக் கிடையாது. "குடும்பக் கதைக்கு எதுக்குக் காகிதம்? சன்னலைத் திறந்தா நாலு வீடு தெரியுது" என்பாள்.

ஆனால் ஒன்பதிலும் கடைசி வாரம் மட்டும் இருக்காது.

முன்பு எப்போதோ அவளிடம் புத்தகம் வாங்கிப் போன ஒருத்தி, மாற்றலாகி அப்படியே வண்டி ஏறிவிட்டாளாம். அன்றிலிருந்து, கடைசி வாரப் பக்கங்களைத் தைக்கக் கொடுக்காமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, நகை வைக்கிற பீரோவுக்குள் பூட்டிவைத்தாள். புத்தகம் திரும்பி வந்தால்தான் முடிவு. நியாயந்தானே என்று நானும் நினைத்தேன்.

உப்பு ராணியை மூன்று நாளில் முடித்தேன். பருப்பு வேகும் நேரம், பிள்ளைகள் வருமுன், குழாயில் தண்ணீர் வரக் காத்திருந்த நேரம். தூர தேசத்திலிருந்து அவளைத் தேடி ராஜகுமாரன் வருகிறான். ஒவ்வொரு மழைக்கும் அவள் கொஞ்சம் கரைகிறாள். கடைசியில் அவன் ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறான். வானத்தில் மேகம் கூடிவிட்டது. அத்தோடு பைண்டின் அட்டை. பன்னிரண்டு வருடம் மரத்துப்போயிருந்த காலில் ரத்தம் ஏறினால் எப்படிக் குத்தும், அப்படிக் குத்தியது எனக்கு.

புத்தகத்தோடு மாடிக்கு ஓடினேன். அக்கா, "நல்லா மனசுல வச்சுக்கோ. குளிர் வரட்டும், புல்தரையில எல்லாரும் உக்காருவோம்லா, அங்கன சொல்லுதேன்" என்றாள். குளிருக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

ஆறு மாதம் காத்தேன். அதற்குள் பெட்டியிலிருந்து மேலும் மூன்று எடுத்துப் படித்தேன். எடுப்பதற்கும் ஒரு சட்டம் உண்டு: தொட்டதைத்தான் எடுக்க வேண்டும். கை வைத்துவிட்டு மாற்றக் கூடாது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிமேல் குனிந்து நிற்பேன். அட்டையில் கதையின் பெயர் இருக்காது. தையல் பிரிந்த இடுக்கில் தெரியும் ஒரு வரி, ஒரு மந்திரவாதியின் மீசை நுனி, பின்பக்கத்துக் கூந்தல் தைல விளம்பரம். இவற்றை வைத்துத்தான் அடுத்தது எது என்று முடிவு செய்ய வேண்டும். "புடவைக் கடையிலகூட இம்புட்டு நேரம் நின்னதில்லக்கா" என்பேன். "புடவைக்கடைக்காரன் சிரிச்சிட்டு நிப்பான். நான் சோலியப் பாக்கணும், ஜல்தி" என்பாள்.

டிசம்பர் வந்தது. தில்லிப் பெண்களுக்கு டிசம்பர் மத்தியானம் புல்தரையில்தான். கட்டிலை இழுத்துப் போட்டு, பட்டாணி உரித்து, ஸ்வெட்டர் பின்னி, ஊர் வம்பை உரித்துப் பின்னி. ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள் இருந்தோம். அக்கா நடுவில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இவ நம்ம உப்புக் கதைய படிச்சிருக்கா. ஏட்டி, முடிவு என்னவா இருக்கும்? நீயே சொல்லு பாப்போம்."

எனக்கு விரித்த வலை என்று தெரியாமல், மனதுக்குள் ஆறு மாதம் வளர்த்ததை அப்படியே சொன்னேன். "அவன் நீந்தி வந்துருவான்க்கா. வந்து, அவளை முதுகால மறைச்சு நிப்பான். மழை பூராவும் அவன்மேலதான் விழும். அவ மேல ஒரு சொட்டு விழாது."

 அக்கா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணி சிதறியது. "கேட்டியளா? ராசாவைக் குடையா ஆக்கிட்டா!"

கும்பகோணத்து மாமி ஊசியை நிறுத்தாமலே, "இவ ஆத்துக்காரர் பஸ் ஸ்டாப்ல என்னிக்காவது இவளுக்குக் குடை பிடிச்சிருப்பாரோ என்னமோ. கேளுங்கோ" என்றாள்.

"அவரா? மழை வந்தா ஃபைலைத் தலைமேல வச்சுக்கிட்டு ஓடுவாரு. இவ பின்னால பையைத் தூக்கிட்டு ஓடுவா. நான்தான் மாடியில இருந்து பாக்கேனே."

அது உண்மை. உண்மை என்பதால்தான் அத்தனை பேரும் அப்படிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்தில் மாட்டிக்கொண்டவள் வேறென்ன செய்வாள்?

சிரிப்பு அடங்கியதும், "முடிவு?" என்று கேட்டேன்.

"கரைஞ்சு போயிட்டா. அவ்வளவுதான். போ, போயி சோத்தை வடி."

"அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்கக்கா. நானே படிச்சுக்கிறேன்."

"நான் சொன்ன பெறவு பக்கம் எதுக்கு? என் வாய் மேல நம்பிக்கை இல்லியா?"

அந்தக் குளிரில் மற்ற மூன்று கதைகளுக்கும் இதே மரியாதைதான். புல்தரையில் நிறுத்துவாள், என் வாயைப் பிடுங்குவாள், எல்லோரும் சிரிப்பார்கள், ஒரே வரியில் முடிவைப் போட்டு உடைப்பாள். பிஸ்கட் டப்பாவின் மூடியைக்கூட நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர், "இவ்வளவு அவமானப்பட்டு அந்தக் குப்பையைப் படிக்கணுமா?" என்றார்.  அடுத்த வாரமே பெட்டிமேல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றேன்.

அதற்கு மறுவருடம் பிப்ரவரியில் அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆபரேஷன் ஒரு கண்ணில்தான் என்றாலும் அசையக் கூடாது என்று இரண்டையும் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்திருந்தாள். இருமக் கூடாது, குனியக் கூடாது, முக்கியமாக அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

அவளுடைய பெரிய பையன், காலேஜ் படிக்கிறவன், வந்து வாசலில் நின்றான். "ஆன்ட்டி, அம்மா ரொம்ப தங் பண்றாங்க, படுத்தி எடுக்கறாங்க. புது மேகஸின்ல ஸ்டோரி படிச்சுக் காட்டணுமாம். அப்பா ஆபீஸ்ல. எங்க மூணு பேருக்கும் தமிழ் படிக்க வராதில்ல? ப்ளீஸ், ஜல்தி வாங்க."

போனேன். அப்போது பத்திரிகையில் ஒரு தொடர் முடியும் கட்டத்தில் இருந்தது. காற்றைப் பாய்போலச் சுருட்டி விற்கிற ஒரு கிழவன். அவனிடம் வேலை செய்யும் ஊமைப் பெண். அவள் குரலைக் கிழவன் சின்ன வயதிலேயே பிடித்து ஒரு குப்பிக்குள் அடைத்துவைத்திருக்கிறான். மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்ற அக்காவுக்கு அந்தப் பெண்மேல் அப்படி ஒரு உயிர். "எம் பொண்ணு இந்த வாரம் என்ன செஞ்சா?" என்றுதான் கேட்பாள்.

முதல் வாரம் படித்தேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அவள் கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நல்லா படிக்கியேட்டி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் இளகியது நிஜம். இந்தச் சமயத்தில் கேட்டால் தருவாள் என்று நம்பி, "அக்கா, அந்த உப்பு ராணியோட கடைசி வாரம்..." என்று ஆரம்பித்தேன்.

கட்டுக்குக் கீழே வாய் மட்டும் சிரித்தது. "இன்னுமா அது? உன் குடை ராசா வரலேட்டி. கரைஞ்சு போயிட்டா."

மறுவாரம் வந்த பத்திரிகையைப் பையன் கீழேயே என் கையில் கொடுத்தான். "முற்றும்" என்று போட்டிருந்ததை மாடிப்படி ஏறும்போதே பார்த்தேன். ஐந்து பக்கம். கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"குப்பி உடையுமா? பேசுவாளா? சீக்கிரம் படி" என்றாள் அக்கா. அவள் விரல் என் புடவை நுனியைத் தேடியது. நான் நுனியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"குப்பி உடைஞ்சிருச்சுக்கா. குரல் வெளிய போயி காத்துல கலந்துருச்சு. அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. அவ்வளவுதான்."

 கீழே எங்கோ பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். அக்கா, "பக்கம் திருப்புற சத்தம் கேக்கலியே" என்றாள்.

"கடைசிப் பக்கம்க்கா. திருப்புறதுக்கு ஒண்ணுமில்ல."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. இருந்தும் கட்டின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அழக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது, நினைவிருந்துதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "போயி சோத்தை வடிக்கணும்க்கா" என்று எழுந்து வந்தேன்.

வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். குப்பி உடைகிறது, அந்தப் பெண்ணுக்குக் குரல் வருகிறது. வாய் திறந்ததும் அவள் செய்கிற முதல் காரியம், கிழவனைத் திட்டுவது. அரைப் பக்கம் திட்டுகிறாள். அக்கா கேட்டிருந்தால் துள்ளியிருப்பாள். எனக்கோ, படித்த கதையிலெல்லாம் அந்த ஐந்து பக்கம் தந்த ருசி வேறு எதுவும் தந்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

கண் நல்லபடியாகவே ஆறியது. தடிமனான கண்ணாடி போட்டாள். அந்தப் பத்திரிகையை அவளும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அவள் வேறெங்காவது வாங்கலாம் என்றால், அந்த வார இதழ் கோல் மார்க்கெட்டில் எப்போதோ தீர்ந்திருந்தது. கறிவேப்பிலை கேட்க நான் போகவில்லை. ஏப்ரலில் அவள் வீட்டுக்காரர் ரிடையர் ஆனார்; குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். வண்டி நின்றுகொண்டிருந்தபோது பெரிய பையன் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து என் வாசலில் வைத்தான். "அம்மா உங்களுக்குத் தரச் சொன்னாங்க." திறந்து பார்த்தேன். எட்டு பைண்டுகள். ஒன்பதாவது, செங்கலுக்கு மாற்றாக வந்த உப்பு ராணி, என்னிடமே இருந்தது.

அக்கா வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிஸ்கட் டப்பா.

ஒரு வருடம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. நலம் விசாரித்தல் ஏதுமில்லை. "எம் பொண்ணோட கடைசி வாரம் உங்கிட்ட இருக்கு. அதை அனுப்பு. என் டப்பாவில் ஒன்பது இருக்கு. உனக்கு எது வேணும்னு எழுது, ஒண்ணு அனுப்புதேன்."

நான்கு நாள் யோசித்தேன். பெட்டியிலிருந்த எட்டையும் எடுத்துத் தரையில் பரப்பி, பாதாள நகரமா, பறக்கும் தேரா என்று எடைபோட்டேன். வீட்டுக்காரர் தாண்டிப் போனவர், "கடை போட்டிருக்கியா?" என்றார். கடைசியில், எழுதத் தேவையே இல்லாததைத்தான் எழுதினேன்: உப்பு ராணி. அந்த ஐந்து பக்கத்தையும் ஒரு கவரில் வைத்து ஒட்டி அனுப்பினேன். அனுப்புவதற்குமுன் திட்டுகிற அரைப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

மூன்று வாரம் தபால்காரரை வாசலிலேயே மறித்தேன். வந்தது கவர் அல்ல, கார்டு. அதே குண்டுக் கையெழுத்து.

"நீ அனுப்பினது கிடைச்சுது. எம் பொண்ணு நல்லாத் திட்டுதா. உன் ராணி கரைஞ்சு போயிட்டா. போயி சோத்தை வடி."

வாசலில் நின்றபடி இரண்டு தடவை படித்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வடித்தேன். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிமேல் குனிந்தேன். எதைத் தொட்டாலும் முடிவு கிடையாது. தொட்டதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கூலருக்கு எதிரே உட்கார்ந்தேன்.