மாமனாரின் எண்ணில் பல் டாக்டர்

உலகத்தில் உள்ள கேம் கம்பெனிகள் எல்லாம் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கும். சரி, நடுங்காது, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அவர் பெயரே அவற்றுக்குத் தெரியாது. ஆனால் தெருக்கோடியில் இருந்த அவருடைய ரிப்பேர் கடைக்கு, வீடியோ கேம் கன்சோலைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தது உண்மை. எல்லாரும் அவரை 'மறுபிறவி' என்றே கூப்பிட்டார்கள்.

காரணம் இருந்தது. ஒவ்வொரு கன்சோலுக்குள்ளும் ஒரு சிப்பில் அதற்கே உரிய அடையாள எண் இருக்கிறது. ஆன்லைனில் ஒருவர் கள்ள ஆட்டம் ஆடினால், நெட்வொர்க் அந்த எண்ணையே தள்ளிவைத்துவிடும். பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் கதவு திறக்காது. மறுபிறவி என்ன செய்வார் என்றால், பழுதாகிப் பழைய இரும்புக்குப் போகிற கன்சோலின் எண்ணை எடுத்து, தள்ளிவைக்கப்பட்ட கன்சோலின் சிப்பில் எழுதிவிடுவார். செத்ததன் பெயரில் இருப்பது நடமாடும். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாலிடர் புகையை ஊதி விலக்கியபடி அவர் குனிந்திருக்கும் தோரணையைப் பார்த்தால், மூளை அறுவைச் சிகிச்சை தோற்றுப்போகும்.

ஒருநாள் பல் டாக்டர் வந்தார். சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரியும் தெரிகிற மாதிரி ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு ஆடி, மாட்டிக்கொண்டிருந்தார்.

"பேஷண்ட் பாத்து முடிச்சா எனக்கு இது ஒண்ணுதாங்க ஆறுதல். எப்படியாவது பண்ணிக் குடுங்க."

"வலிக்காமப் பண்ணிடலாம் டாக்டர்."

சொல்லிவிட்டாரே ஒழிய, டாக்டரின் மாடலுக்குப் பொருந்துகிற செத்த எண் கைவசம் இல்லை. மேசைமேல் அதே மாடலில் உயிரோடு ஒன்று இருந்தது. தூசி தட்டித் தரச்சொல்லி மாமனார் வைத்துவிட்டுப் போனது.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டினார். அங்கேயும் முந்துவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்ப்பார். முகம் தெரியாத அணிக்காரர்கள் அவரைக் 'கேப்டன்' என்றார்கள். வீட்டில் அவருக்கு அந்த மரியாதை கிடையாது.

மறுபிறவி யோசித்தார். மாமா காலையில் ஆடுகிறவர், டாக்டர் மாலையில். ஒரே சட்டையை அண்ணனும் தம்பியும் நேரம் பிரித்துப் போட்டுக்கொள்வதில்லையா? மாமாவின் எண் டாக்டருக்கும் போயிற்று.

கொஞ்சகாலம் சட்டை தாங்கியது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பல் பிடுங்க வரவேண்டிய ஆள் பயந்து வராமல் இருந்துவிட, டாக்டர் சும்மா இருக்கமாட்டாமல் கன்சோலைப் போட்டார். ஒரே கன்சோல் இரண்டு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் பேசினால் நெட்வொர்க்குக்கு வேறென்ன துப்பு வேண்டும்? இரண்டையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

மாமனார் கன்சோலை இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மாப்ள, டிவில என்னமோ போலி அடையாளம்னு போடுது. நானா போலி? நாளைக்கு ஃபைனல். நான் உள்ள போகலேன்னா என் இடத்த வேற ஒருத்தனுக்குக் குடுத்துடுவாங்க."

"நெட்வொர்க் கோளாறா இருக்கும் மாமா. அவனுங்களுக்கு வேற வேலை இல்ல."

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"சாலிடர் சூடு மாமா."

உண்மையைச் சொன்னால் மாமனார் என்ன செய்வார் என்பதைவிட மனைவி என்ன செய்வாள் என்பதுதான் மறுபிறவிக்குப் பெரிய கவலை. கையில் மிச்சமிருந்த ஒரே செத்த எண்ணை மாமா கன்சோலில் எழுதிக் கொடுத்தனுப்பினார். அதுவோ டிஸ்க் போடுகிற வாயே இல்லாத மாடலின் எண். மாமா வீட்டுக்குப் போய் வழக்கம்போல் டிஸ்க்கைச் செருகினார். வழுக்கை என்று பதிவான ஆள் சீப்பு கேட்டு நின்ற கதையாயிற்று. எண் ஒரு மாடல் என்றது, உள்ளே இருந்த பாகங்கள் வேறு மாடல் என்றன. காரைக் கிளப்புவதற்குள் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

இனி ஒரே வழி. பழைய எண்ணையே திருப்பி எழுதிவிட்டு, அசல் எது, நகல் எது, நகலெடுத்தது யார் என்று நெட்வொர்க்குக்கு எழுதிப்போட வேண்டும். மாமா உள்ளே போவார். டாக்டரும் மறுபிறவியின் தொழிலும் வெளியே போகும். ஊரார் அடையாளத்தையெல்லாம் மாற்றிக் கொடுத்தவர், முதல்முறையாகத் தன் அடையாளத்தைச் சொல்லியாக வேண்டும்.

மனுஷர் தயங்கவே இல்லை. எண்ணைத் திருப்பி எழுதினார். மாமாவின் மானம்தான் பெரிது என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். கண்ணீர் கீபோர்டில் சொட்டச் சொட்ட, ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினார். நெட்வொர்க் சோதித்துப் பார்த்தது. மாமா கன்சோலில் எண்ணும், டிஸ்க் டிரைவும், மற்ற பாகங்களும் ஒரே குடும்பமாக ஒத்துப்போயின. டாக்டருடையதில் டிரைவ் மட்டும் 'நான் வேறு வீட்டுப் பிள்ளை' என்றது. ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. மாமா ஓட்டினார். யாரையும் இடிக்காமல், எல்லாருக்கும் வழிவிட்டு, கடைசியாக வந்து சேர்ந்தார். அணிக்காரர்கள் அதற்கும் சபாஷ் போட்டார்கள், கேப்டன் ஆயிற்றே.

இவ்வளவையும் எழுதி முடித்து மறுபிறவியின் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணீர் வந்த இடத்திலேயே கையமர்த்திவிட்டாள்.

"கண்ணீராவது, கீபோர்டாவது! எங்ககிட்ட உண்மைய ஒளறிட்டு அவரு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. எழுதினது நான். எங்கப்பா பக்கத்துல உக்காந்து வரிவரியாச் சொன்னாரு. நடுவுல எழுந்துபோய் கதவத் தட்டி, 'மாப்ள, ஒருத்தர் எண்ண எடுத்து இன்னொருத்தருக்கு எழுதறீங்களே, உங்க தொழில்ல இதுக்கு என்னன்னு சொல்லுவீங்க?'ன்னு வேற கேட்டுட்டு வந்தாரு."