செல்வி அத்தையின் அம்மைத் தழும்பு

"மூஞ்சிய வழுவழுன்னு ஆக்கிருங்கண்ணே" என்றாள், என் ஸ்டூடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த கல்யாணப்பெண். கம்ப்யூட்டரில் அவள் கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கியதுமே எனக்குச் செல்வி அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு உத்தமபாளையத்தில் ஸ்டூடியோ. பிலிம் கழுவும் மருந்து வாடையும் பென்சில் சீவல் வாசமும் கலந்த அறையில், நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, ஊசியாய்ச் சீவிய பென்சிலால் முகங்களைத் திருத்துவார். தன் தங்கை செல்வி அத்தைக்கு மாப்பிள்ளை தேடியபோது, பாசம் மிகுந்து, அவளது அம்மைத் தழும்புகளை ஒன்றுவிடாமல் மறைத்துவிட்டார்.

படத்தைப் பார்த்துவிட்டுக் குச்சனூரிலிருந்து பெண்பார்க்க வந்தார்கள். அத்தை காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "காப்பி நல்லாருக்குத்தா. படத்துல இருக்க ஒந் தங்கச்சிய வரச்சொல்லு" என்றார்.

சம்பந்தம் போச்சு என்று அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அத்தையோ சிரித்துவிட்டாள். "அது நாந்தேன். எங்கண்ணன் பென்சில வச்சு வெள்ளையடிச்சுட்டாக."

மாப்பிள்ளையும் வாய்விட்டுச் சிரித்தார். "இவுகள இப்புடியே ஒரு படம் எடுத்துக் குடுங்க மச்சான்."

'மச்சான்' என்று கூப்பிட்ட பிறகு பேச வேறென்ன இருக்கிறது?

கல்யாணப்பெண்ணுக்கு, நாலு நாளில் தானே மறையும் பருவை மட்டும் எடுத்தேன். மச்சத்தையும் கன்னத்துச் சொரசொரப்பையும் தொடவில்லை. எட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "அட, நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கேன்!"