வலது ஓரத்துப் பொத்தான்

எங்கள் வியாசர்பாடி பிளாக்கில் யசோதராவின் ஆபீஸ் என்பது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடுகிற இடம்தான். யாராவது பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் அவள் லேப்டாப்போடு எழுந்து வெளியே வர வேண்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் செய்கிற வேலை என்ன தெரியுமா? எந்தப் போனின் திரை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அளந்து, எந்தப் பொத்தான் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரல். செயலி திறக்கும்போதே திரையை ஒருமுறை அளந்துவிடும், பிறகு எல்லாமே அந்தக் கணக்குப்படிதான்.

போன வருடம் அவள் கைக்கு வந்தது ஒரு டிரெய்லர் வரிசைச் செயலி. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் ராத்திரி பகல் பாராமல் வண்டிகள் நிற்கும். வாசலை நெருங்கும்போது டிரைவரின் போன் மணியடிக்கும். திரையின் வலது ஓரத்தில் பச்சைப் பொத்தான் வரும். ஒரு நிமிடத்துக்குள் அழுத்தினால் நுழைவுச் சீட்டு. சீட்டு இல்லாமல் வாசலுக்குப் போனால் வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய அண்ணன் பகலவன் அதே வரிசையில் டிரெய்லர் ஓட்டுகிறவன். என் தங்கை செய்தது என்று முன் வண்டிக்காரர், பின் வண்டிக்காரர், டீ கொண்டுவருகிறவர் என ஒருவர் விடாமல் பீற்றிக்கொண்டிருந்தான்.

அப்புறம் புகார்கள் வந்தன. மணி அடிக்கிறது, பொத்தான் வரவில்லை என்று. ஆபீசில் ஆளுக்கொரு போனைக் கையில் பிடித்துப் பார்த்தார்கள். பொத்தான் ஜம்மென்று இருந்தது. டிரைவர்களுக்கு அழுத்தத் தெரியவில்லை என்றார் மேலாளர். யசோதராவும் அப்படியே பதில் எழுதி எல்லாப் புகாரையும் மூடினாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் அதில்தான். யார்டு ஒன்றும் அமெரிக்காவில் இல்லையே, பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம்.

கடைசியில் அவளைப் போக வைத்தது அண்ணி வரலட்சுமியின் அழுகை. பகலவனுக்கு ஏற்கெனவே ஒரு சீட்டு தவறிவிட்டது, இன்னொன்று தவறினால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று வண்டி முதலாளி சொல்லிவிட்டார். யசோவிடம் சொல்லக் கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தானாம். யசோதரா சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முன்னால் வண்டி, பின்னால் வண்டி, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். கரித்தூசி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"இன்னான்னு சொல்றது? லைன் ஃபுல்லா என் தங்கச்சி செஞ்சதுன்னு சொல்லி வெச்சிக்கீறேன். இப்ப எல்லாம் உன்ன திட்டிகினு கீறானுங்கோ. அத வேற உன்னாண்ட வந்து சொல்லணுமா?"

அவள் கண்ணைத் திருப்பியபோது போன் பட்டது. மேப் பார்க்க வசதியாக, ஸ்டியரிங் பக்கத்துத் தாங்கியில் படுக்கை வசமாக மாட்டியிருந்தது. வரும் வழியில் பார்த்த வண்டிகளிலும் அப்படித்தான். செயலியைத் திறப்பதும் அப்படியே வைத்துத்தான்.

அப்போது மணி அடித்தது. பகலவன் போனை உருவி முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தான். பொத்தான் இல்லை. திரையை மேலும் கீழும் தள்ளினான்.

யசோதராவுக்குப் புரிந்துவிட்டது. படுத்திருந்த போனின் அகலத்தை அளந்துகொண்ட அவள் நிரல், போன் நிமிர்ந்த பிறகும் அதே அளவை நம்பிப் பொத்தானைத் திரைக்கு வெளியே வைத்திருந்தது.

"படுக்க வைண்ணா. திரும்பப் படுக்க வை."

அவனுக்குப் புரியவில்லை. அவளே பிடுங்கித் திருப்பினாள். பச்சைப் பொத்தான் வந்தது, அழுத்தினாள். 'நேரம் முடிந்துவிட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அவளே எழுதிய வாசகம்.

சீட்டு தவறினால் வண்டி முதலாளிக்கும் தகவல் போய்விடும். கொஞ்ச நேரத்தில் அவர் அழைத்தார். பகலவன் எடுக்கவில்லை, அவள் எடுத்தாள். தப்பு அண்ணனுடையது இல்லை, செயலியைச் செய்த என்னுடையது என்று சொல்லிப் பார்த்தாள். வேறு டிரைவர் வந்துகொண்டிருக்கிறான், சாவியை அவனிடம் கொடுக்கச் சொல் என்று வைத்துவிட்டார். ஆபீசுக்குப் பேசினாள். திருத்திய செயலி அடுத்த வாரம்தான் வெளியாகும் என்றார்கள்.

யசோதரா கீழே இறங்கி வரிசை நெடுக நடந்தாள். ஒவ்வொரு வண்டியின் கதவையும் தட்டி, மணி அடித்தால் போனை எடுக்காதீர்கள், தாங்கியில் இருக்கும்போதே அழுத்துங்கள் என்றாள். ஒரு வயதான டிரைவர் நீ யாரென்று கேட்டார்.

"பகலவன் தங்கச்சி. இத செஞ்சவ நான்தான்."

திட்டப்போகிறார் என்று நின்றாள். அவர் திட்டவில்லை, பகலவனுக்குச் சீட்டு கிடைத்ததா என்றுதான் கேட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். மாற்று ஆள் வரும்வரை வண்டியை விட்டு இறங்க முடியாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.